ஊன்றிய முகம்

படித்துறையில் அந்த மனிதர் மறுபடியும் மயங்கி விழுந்தார். பச்சைச் சேலைக்காரி ஒருத்தி ஓடிவந்து அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து முகத்தில் தெளித்தாள். காலையில் திருநெல்வேலி பஸ் வந்து நின்றபோது தெளித்த அதே பச்சைச் சேலை, அதே செம்பு. கண் திறந்ததும் அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்ட விதம்கூட மாறவில்லை.

சுற்றி நின்ற பயணிகள் மூக்குக்கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த நிறைக்கண்களை அந்தப் பக்கம் திருப்பினார்கள். பிறகு மணிக்கட்டில் கட்டியிருந்த எண்தட்டைப் பார்த்தார்கள்.

"எட்டு," என்றார் ஒருவர்.

"எனக்கு ஆறுதான் காட்டுது. முன்ன எங்க மச்சான் வந்தப்போ இதே ஆளு நாப்பத்தஞ்சு குடுத்தாராம்."

"அப்போ அவருக்குச் சரியா விழத் தெரியாது. இப்ப நல்லாப் படிச்சுட்டாரு, அதான் கொறஞ்சுபோச்சு."

செண்பகவல்லிக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள நேரமில்லை. கணவர் குற்றாலலிங்கத்தைப் படியில் உட்காரவைத்துவிட்டு, நர்மதை ஆறு தன் முதுகுக்குப் பின்னால் தெரியும்படி இரண்டு படி கீழே இறங்கி நின்றாள். கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய அரக்குச் சேலையைப் பெட்டியின் அடியிலிருந்து தேடியெடுத்துக் கட்டியிருந்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. ஆத்தப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

அவர் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார்.

"சேல நல்லாருக்கு நர்சம்மா. வெயில்ல நிக்காதீய, மயக்கம் வந்துரும். அங்க ஒருத்தரு விழுந்துட்டாரு பாருங்க."

அவள் மணிக்கட்டில் எண் வந்தது. பதினொன்று.

நிறைக்கண் வந்த பிறகு பயணம் போகிறவர்கள் கண்டதையெல்லாம் படம் எடுப்பதில்லை. எடுத்தாலும் மிஞ்சாது. சட்டைப் பொத்தான் அளவு ஒரு வில்லை. அதிலிருந்து காதுக்குப் பின்னால் போகும் மெல்லிய பட்டை. ஒரு காட்சி மனத்தில் இறங்கும்போது மூளையில் சிற்றலை ஒன்று எழும்புகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஊன்றலை என்று பெயர் வைத்தார்கள். பட்டை அந்த அலையை உணரும். வில்லை அந்த நொடியைப் பிடிக்கும். அலை எவ்வளவு பெரிதோ படத்துக்கு அவ்வளவு நிறை. இருபதுக்குக் கீழே நின்ற படங்களைப் பொழுது சாய்வதற்குள் கருவியே அழித்துவிடும். யாரும் திரும்பிப் பாராத படங்கள் உலகமெங்கும் மலைமலையாய்க் குவிந்து, அவற்றைக் காத்துவைக்கும் இயந்திரங்களைக் குளிர்விக்கவே ஆறுகள் போதாமல் போன காலத்தில் வந்த ஏற்பாடு அது. இனிமேல் அர்த்தமுள்ள படம் மட்டும் மிஞ்சும் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி கொஞ்ச காலம்தான். கோபுரமும் அருவியும் சூரிய அஸ்தமனமும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவர் காலில் தைத்த முள்ளை எடுத்துவிடுவதைப் பார்த்தால் எழுபது வந்தது. மனித மனத்தில் இறங்குவது சின்னச் சின்ன இரக்கம்தான் என்று கருவியே சாட்சி சொன்னது. கனமான படம் எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊருக்கே பஸ்கள் போயின. அப்புறம் கேட்பானேன்? ஊருக்கு ஊர் நெகிழ்வுக்குழு வைத்தார்கள். ஒருவர் விழுவார், ஒருத்தி தாங்குவாள். ஒருவர் அழுவார், ஒருவர் துண்டை நீட்டுவார். பயணிகளுக்கு விஷயம் தெரிந்ததும் எண்கள் சரிந்தன. குழுக்காரர்கள் படித்துறையை விட்டுப் பயணிகளுக்குள்ளேயே கலந்தார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதன் பிறகு பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், உட்காருவதற்கு முன் "நீங்க குழுவா?" என்று கேட்பது சாதாரண வழக்கமாகிவிட்டது. கீழே விழுந்தவரைத் தூக்கப் போகிறவர்களும், விழுந்தது நிஜமா என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டே போனார்கள்.

செண்பகவல்லி பயணம் வந்தது ஊர் பார்க்க அல்ல. குற்றாலலிங்கம் கயத்தாற்றுக் காற்றாலைகளில் ஏறி இறங்கியே வேலைக்காலத்தைக் கழித்தவர். எந்த இறக்கை எந்தக் காற்றில் முனகும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, இப்போது தன் வீட்டுக் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மகன் பெயர் போயிற்று. பிறகு ஒருநாள் காலை, காப்பி கொண்டுவந்த மனைவியைப் பார்த்து, "நீங்க புதுசா வந்த நர்சம்மாவா?" என்று கேட்டார். அன்று அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள்.

டாக்டர்தான் வழி சொன்னார். "மறதி முழுசா மூடுறதுக்குள்ள ஒரு ஊன்றுபடம் கெடைச்சாப் போதும்மா. எண்பதத் தாண்டுன படம். அதுல இருக்குற முகம் மட்டும் கடைசிவரைக்கும் நிக்கும்."

"ஒரே ஒரு முகம்தானா டாக்டர்?"

"ஒண்ணு நின்னாலே பெரிசு. வீட்டுல ஒங்க மேல அவர் கண்ணு வழுக்கிட்டுப் போயிரும். புது எடத்துலதான் மனசு முழிச்சுப் பாக்கும். கூட்டிட்டுப் போங்க. நிறைக்கண் அவருக்கு இருக்கட்டும், எண் காட்டுற தட்ட நீங்க கட்டிக்கோங்க. எண்பதத் தாண்டினா மணி அடிக்கும்." அவள் எழுந்து வாசலுக்குப் போன பிறகு இன்னொன்றும் சொன்னார். "அல எதனால வந்துச்சுன்னு கருவிக்குத் தெரியாதும்மா. பெருசா சின்னதாங்குறது மட்டும்தான் தெரியும்."

அதை அவள் பாதிதான் காதில் வாங்கினாள். அந்த ஒரு முகம் தன் முகமாக இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரிடம் அப்போதே வேண்டத் தொடங்கியிருந்தாள்.

*

இந்தக் காலத்திலும் திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் யாத்திரை பஸ்ஸில் சமையல்காரர் இல்லாவிட்டால் ஆள் ஏறாது. பஸ் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அரிசி மூட்டையும் வெங்காயச் சாக்கும் அடுக்கியிருந்தார்கள். "நெலாவுக்குப் பஸ் விட்டாலும் கூட்டாஞ்சோறு கிண்ட ஒரு ஆளு வேணும், இல்லாட்டி நம்ம ஜனம் டிக்கெட் வாங்காது," என்பாள் வழிகாட்டிப் பெண் ரோஸ்லின். பஸ் நின்றதும் முதலில் இறங்குவது சமையல்காரன் மாசானம்தான். சூரிய அடுப்பை விரித்து, மர நிழலில் பாயை உதறிப் போட்டு, மற்றவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வருவதற்குள் இலை போட்டுவிடுவான்.

ஓங்காரேஸ்வரரைத் தரிசித்துவிட்டு அன்று மதியம் இலுப்பை மரத்தடியில் பந்தி நடந்தது. குற்றாலலிங்கம் இலையின் முன் உட்கார்ந்தார். சோறு விழுந்ததும் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். காற்றாலைத் தூணடியில் டிபன் பாக்ஸைத் திறந்த காலத்திலும் முதல் கைச் சோறு காக்கைக்குத்தான். அந்தப் பழக்கத்தை மறதியால் தொட முடியவில்லை. ஓரத்திலிருந்த கல்லில் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். காகம் ஒன்று இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் இலையைப் பார்த்தார். மறுபடி எழுந்தார்.

"காக்காவுக்கு வைக்கலையே."

"இப்பத்தான வச்சிய. உக்காந்து சாப்பிடுங்க," என்றாள் செண்பகவல்லி.

"இல்ல நர்சம்மா. வைக்கல."

"வச்சாச்சுங்க. அந்தா பாருங்க, தின்னுக்கிட்டு இருக்கு."

அவர் காகத்தைப் பார்த்தார். செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கியவர்போல முகம் தொங்கிப் போயிற்று. அப்போது மாசானம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். கிழிந்த இலைத் துண்டில் ஒரு கைச் சோற்றை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்தாங்க அண்ணாச்சி. பதறாம வச்சுட்டு வாங்க. ஒங்க எலய நாய் தொடாம நான் பாத்துக்கிடுதேன்."

குற்றாலலிங்கம் போய் வைத்தார். திரும்பி வரும்போது நடையே வேறாக இருந்தது.

"அதான் வச்சாச்சுல்ல," என்றாள் செண்பகவல்லி, மாசானத்திடம்.

"இருக்கட்டும் மதினி. காக்கா வேண்டாம்னா சொல்லப்போவுது?"

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. படத்தில் நீட்டிய இரண்டு கையும், அதற்கு மேலே குனிந்து சிரிக்கும் மாசானத்தின் முகமும் இருந்தன.

புறப்பட்டதிலிருந்து அவள் முகம் பதினைந்தைத் தாண்டியதில்லை. அரக்குச் சேலை பதினொன்று. சமையல்காரன் ஒரு கைச் சோற்றில் ஐம்பத்தெட்டு வாங்கிவிட்டான். கனமான படம் எப்படிக் கிடைக்கும் என்று தெரிந்து செய்கிறவன் மாதிரியல்லவா இருக்கிறது? சும்மா செய்கிறவன் இரண்டு கையாலும் நீட்டுவானா?

சாயங்காலம் ரோஸ்லினைத் தனியே பிடித்தாள்.

"இந்த மாசானம் ஒங்க பஸ்ஸுல எவ்வளவு நாளா?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும் மதினி. ஏன், உப்புக் கூடிட்டா?"

"அதுக்கு முன்ன?"

"இந்தப் பக்கம் எங்கயோ அருவிக்கரையில வேலன்னான். நான் தோண்டித் துருவல. கை சுத்தம், வாய் சுத்தம். அது போதாதா?"

"குழுவுல இருந்தவனோ?"

ரோஸ்லின் பெருமூச்சு விட்டாள். "மதினி, இப்பல்லாம் ஒருத்தன் சிரிச்சா குழுக்காரன், உர்ருனு இருந்தா நல்ல மனுஷன். நான் யாரப் பத்தி என்ன சொல்ல?"

மறுநாள் காலை பஸ் கிளம்பும் முன் செண்பகவல்லி தன் கண்ணாலேயே பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால், படித்துறையில் மயங்கி விழுகிற அந்த மனிதர், காலை நீட்டி உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மாசானம். அவர் ஏதோ சொல்ல, மாசானம் வாய்விட்டுச் சிரித்தான். கிளம்பும்போது அவர் மாசானத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். வெகுநாள் பழகியவர்கள் தட்டுகிற தட்டு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி, கணவரை ஜன்னலோரமாக நகர்த்தி, அவருக்கும் நடைபாதைக்கும் நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

*

பஸ் ஆற்றை எதிர்த்து, அது பிறக்கும் மலையை நோக்கிப் போயிற்று. பேடாகாட் என்ற ஊரில் வெள்ளைப் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே புகையாய் விழுகிற அருவிக்கு எதிரில் செண்பகவல்லி கணவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். ஆரஞ்சுப் பழத்தைச் சுளைசுளையாக உரித்து, மேல்தோலையும் கொட்டையையும் எடுத்து, ஒவ்வொன்றாக அவர் வாயில் கொடுத்தாள். வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பத்து.

"நர்சம்மா," என்றார் குற்றாலலிங்கம், தயங்கித் தயங்கி. "ஒங்களுக்கு எங்கயும் போவணுமா? அடிக்கடி மணி பாக்கீயளே. நேரமாச்சுன்னா போங்க. நான் ஒண்டியா இருந்துக்கிடுவேன்."

அவள் கையில் ஒரு சுளை மிஞ்சியிருந்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் மாசானத்தைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். பந்திக்கு முன் கணவரின் கண்ணாடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "நிறைக்கண் கெட்டுப்போச்சு, இன்னைக்குப் படம் எடுக்காது," என்றாள். பிறகு ஓரமாக நின்று பார்த்தாள். குற்றாலலிங்கம் காக்கைக்கு வைத்தார். வந்தார். மறந்தார். எழுந்தார். மாசானம் சோற்றுடன் வந்தான்.

"அண்ணாச்சி, கண்ணாடி இல்லாம மேடு பள்ளம் தெரியாதே. வாங்க, சேந்து போவோம்." முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். அன்று அவர் மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் கொடுத்தான்.

அத்தோடு அவள் மனம் ஆறியிருக்கலாம். ஒரு கணம் ஆறவும் செய்தது. அடுத்த கணம், 'நான் கண்ணாடியைப் பைக்குள் போட்டதை அவன் பார்த்திருப்பான்' என்று தோன்றியது. 'சோதிக்கிறேன் என்று தெரிந்துதான் கூடுதலாகச் செய்கிறான்' என்று தோன்றியது. சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தால் அது அடங்குவதில்லை. அந்தப் பதிலையும் தின்றுவிட்டு இன்னும் பெரிதாகிறது. கடவுள் நேரில் வந்து கைகொடுத்தாலும், கொடுத்த கையைத் திருப்பிப் பார்க்கத்தான் சொல்லும்.

கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டாள். மாட்டாவிட்டால் தன் முகமும் விழாதே.

எண்கள் ஏறிக்கொண்டே போயின. மாசானம் ரசத்தை ஆற்றிக் கொடுத்தது அறுபத்திரண்டு. பஸ் படியில் கைகொடுத்தது அறுபத்தொன்பது. அமர்கண்டகத்து மலையேறும் வழியில், கூட்டமாக நின்ற சால மரங்களைப் பார்த்துக் குற்றாலலிங்கம், "காத்தாடிய எல்லாம் நிறுத்திப்போட்டாங்களா? ஒண்ணும் சுத்தலையே," என்று கவலைப்பட்டபோது, "காத்து இல்ல அண்ணாச்சி. வந்தா சுத்தும். நீங்க கொஞ்சம் கண்ணசருங்க," என்றான் மாசானம். எழுபத்தாறு.

செண்பகவல்லி கணக்குப் போட்டாள். இன்னும் நாலைந்து எண் ஏறினால் மணி அடித்துவிடும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் முகம் போய், வாடகைக்கு இரக்கப்படுகிற ஒருவன் முகம் அவர் மனத்தில் கடைசிவரை நிற்கும். வீட்டுக்குப் போன பிறகும் அவர் தன்னிடம், "அந்தத் தம்பி எங்க நர்சம்மா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

*

நர்மதை பிறக்கிற குளத்தைச் சுற்றி வெள்ளைக் கோயில்கள். தண்ணீர் சத்தமில்லாமல் நின்றது; இவ்வளவு பெரிய ஆற்றின் தொடக்கம் இதுதானா என்று எல்லோரும் கேட்டார்கள். தரிசனம் முடிந்து கோயிலுக்கு வெளியே இலை போட்டாயிற்று. உளுந்தஞ்சோறு. குற்றாலலிங்கம் முதல் கையை வைத்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார்.

"காக்காவுக்கு வைக்கலையே."

மாசானம் இலைத் துண்டுடன் வந்துகொண்டிருந்தான். செண்பகவல்லி எழுந்து குறுக்கே நின்றாள்.

"வேண்டாம்."

"ஒரு கைதான மதினி."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல."

"அண்ணாச்சி மொகம் வாடுது பாருங்க. வச்சுட்டு வந்துட்டா நிம்மதியா சாப்பிடுவாரு." அவளைச் சுற்றிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினான். அவரும் கை நீட்டினார்.

அவள் ஓங்கித் தட்டிவிட்டாள். இலை பறந்தது. சோறு மாசானத்தின் சட்டையிலும் குற்றாலலிங்கத்தின் கையிலும் தரையிலும் சிதறியது.

"யாருக்குக் காட்டுத இந்த வேஷத்த? இவிய ஒனக்கு யாருல? எம் மொகத்தையே மறந்துட்டு நிக்க மனுஷனுக்கு ஒன் மொகத்த ஊன்றிவிடப் பாக்கியா? அந்த மயக்கக்காரனோட ஒக்காந்து நீ சிரிச்சத நான் பாத்தேன்ல..."

அவள் மணிக்கட்டில் மணி அடித்தது.

ஒரே ஒரு அடி. தெளிவாக, கோயில் மணியின் குட்டிபோல. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இந்தப் பயணத்தில் அந்த மணியை யாரும் கேட்டதில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒருவர் என்ன நடந்தது என்று கவனிக்காமலேயே எச்சில் கையோடு கைதட்டி, "மதினிக்கு விழுந்துட்டு! ஊன்றுபடம் விழுந்துட்டு!" என்றார்.

எண்தட்டில் தொண்ணூற்று மூன்று என்று எரிந்துகொண்டிருந்தது. அவள் படத்தைத் திறந்தாள்.

அவள் முகம்தான். வேண்டியபடி, முழுசாக, நடுவில், நல்ல வெளிச்சத்தில். புருவம் நெரிந்து, பல் தெரிந்து, கண் இரண்டும் பிதுங்கி, ஓங்கிய கை ஓரத்தில் மங்கலாக. காற்றில் சோற்றுப் பருக்கைகள்.

குற்றாலலிங்கம் ஒட்டியிருந்த சோற்றைக்கூட உதறாமல் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். வெகுநாளாக அவர் வாயில் வராத சொல் வந்தது.

"வல்லி," என்றார். "வேண்டாம் வல்லி."

*

அங்கிருந்தே டாக்டருடன் போனில் பேசினாள். அவள் அனுப்பிய படத்தை அவர் பார்த்தார்.

"அழிச்சுரலாமா டாக்டர்?"

"படத்த அழிக்கலாம்மா. அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஊன்றுனது ஊன்றுனதுதான்."

"வேற நல்ல படம் ஒண்ணு..."

"ஒண்ணுதாம்மா. அன்னைக்கே சொன்னேன்."

மாசானம் தரையில் சிந்திய சோற்றை மிதிபடாமல் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். செண்பகவல்லி போய்ப் பக்கத்தில் குந்தினாள். அவளும் பொறுக்கத் தொடங்கினாள்.

"நீ குழுவுல இருந்தவன்தான, மாசானம்?"

"ஆமா மதினி. பேடாகாட்டுல. தண்ணி குடுக்க வேஷம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேஷமாத்தான் குடுத்தேன்," என்றான் மாசானம். "ஆனா வெயில்ல நின்னு குடிச்சவிய தொண்டைக்குத் தண்ணி தண்ணியாத்தான இருந்துச்சு? அப்புறம் வேஷம் சலிச்சுப்போச்சு, வந்துட்டேன். கை மட்டும் பழக்கத்த விடல."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"கேட்டா சொல்லிருப்பேன். நீங்க ரோஸ்லின்கிட்டல்ல கேட்டிய."

பொறுக்கிய சோற்றை அவன் அவள் கையில் கொடுத்தான். அவள் கொண்டுபோய்க் கல்லில் வைத்தாள். காகம் வந்து தின்றது. குற்றாலலிங்கம் தூரத்திலிருந்து அதைப் பார்த்தார். நிறைக்கண் பதினான்கு என்று காட்டியது. அவள் எண்தட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

*

தென்காசி வீட்டுக்கு வந்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. காற்றாலை போயிற்று. தன் பெயரும் போயிற்று. ஊன்றுபடம் மட்டும் டாக்டர் சொன்னபடியே நின்றது. கருவி பொய் சொல்லவில்லை.

செண்பகவல்லி சாந்தமாக இருக்கும்வரை அவருக்கு அவள் யாரோ. சில நாள் நர்சம்மா, சில நாள் பக்கத்து வீட்டம்மா, சில நாள் பேரில்லாத யாரோ ஒரு தாயி. பால் பொங்கி வழிந்தாலோ, கதவில் விரல் நசுங்கினாலோ, அவள் முகம் கொஞ்சம் சுளித்துவிட்டால் போதும். அவர் சட்டென்று நிமிர்ந்து, "வல்லி," என்பார். தெளிவாக, பழைய குரலில். சொல்லிக்கொண்டே சுவரோரம் ஒதுங்குவார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அவளுக்கும் சாமிக்கும்தான் தெரியும். ஒருநாள், ஒரே ஒருநாள், ஆசை தாங்காமல் அவர் எதிரில் நின்று வேண்டுமென்றே புருவத்தை நெரித்தாள். "வல்லி," என்றார் அவர். கையில் இருந்த சோற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தக் கோப முகத்தை அவள் அவருக்குக் காட்டவே இல்லை. சலிப்பு வந்தால் கொல்லைப் பக்கம் போய்க் கொடியில் துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இன்றும் மதியம் அவர் இலையிலிருந்து எழுந்தார். எத்தனையாவது தடவை என்று அவள் எண்ணுவதை விட்டு வெகுநாளாயிற்று.

"தாயி, காக்காவுக்கு வைக்கலையே."

"அதுக்கென்ன, வச்சாப் போச்சு." இலைத் துண்டில் ஒரு கைச் சோற்றை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வல்லி வாறதுக்குள்ள வச்சுட்டு வந்துருதேன். பாத்தா தட்டிவிட்ருவா."

"வரமாட்டா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க பதறாம வச்சுட்டு வாங்க."

"நல்லாருப்பீய. யாரு பெத்த மகளோ," என்று சொல்லிக்கொண்டே அவர் முற்றத்துக்கு இறங்கினார்.

செண்பகவல்லி நிலைப்படியில் நின்று, வல்லி வந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.